சோயா எண்ணெயில் இருந்து ஹார்மோன்: யார் இந்த பெர்சி ஜூலியன்?

தோலில் அரிப்பு, தடிப்பு என்று டாக்டரிடம் போனால் சில நேரம் ஹைட்ரோகார்டிசோன் க்ரீம் எழுதித் தருவார். மெடிக்கல் ஷாப்பில் அந்த ட்யூபை வாங்கும்போது அதன் விலை நமக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் 1949-ல் நிலைமையே வேற. இதன் நெருங்கிய உறவான கார்டிசோன் அப்போது ஒரு கிராம் சுமார் 200 டாலர். அதே நேரத்தில் ஒரு கிராம் தங்கத்தின் விலை ஒரு டாலருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

தங்கத்தைவிட நூறு மடங்குக்கும் மேல் விலை இருந்த ஒரு மருந்துக் குடும்பம் சாதாரண மக்கள் கைக்கு எப்படி வந்தது? அதற்குப் பின்னால் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அமெரிக்காவின் கறுப்பின வேதியியலாளர் பெர்சி லவோன் ஜூலியன். வேலை கேட்ட இடங்களில் நிறத்தைக் காட்டி மறுக்கப்பட்டவர். சொந்தக் காசில் வாங்கிய வீட்டில் குடியேறும் முன்பே தீவைப்பைப் பார்த்தவர். அவருடைய கதையையும், அவர் கையாண்ட வேதிப்பொருட்களின் கதையையும் சேர்த்தே பார்ப்போம்.

எட்டாம் வகுப்போடு நின்ற ஊர்

1899 ஏப்ரல் 11. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள மான்ட்கோமரி நகரில் ஜூலியன் பிறந்தார். அப்பா ரயில்வே தபால் பிரிவில் கிளார்க். அம்மா பள்ளி ஆசிரியை. ஆறு பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர்.

இவருடைய தாத்தா அடிமையாக இருந்தவர். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதற்குத் தண்டனையாக தாத்தாவின் கையில் இரண்டு விரல்கள் வெட்டப்பட்டதாக ஜூலியன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட வீட்டில் படிப்புக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனா ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் அரசுப் பள்ளியே கிடையாது. ஆசிரியர் பயிற்சிக்கான ஒரு பள்ளியில் கிடைத்ததைப் படித்துவிட்டு, 1916-ல் இண்டியானா மாநிலத்தின் டிபாவ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். மற்ற மாணவர்களின் அளவுக்கு உயர்நிலைப் பள்ளிப் பாடங்கள் அவருக்குக் கிடைத்திருக்கவில்லை. அதனால் கல்லூரி வகுப்புகளோடு சேர்த்து, விட்டுப்போன பள்ளிப் பாடங்களையும் படித்தார். செலவுக்கு மாணவர் விடுதி ஒன்றில் சாப்பாடு பரிமாறினார். அங்கேயே அடுப்பைக் கவனித்துக்கொண்டு பரண் அறையில் தங்கினார்.

1920-ல் அந்த வகுப்பிலேயே முதல் மாணவராகப் பட்டம் பெற்றார்.

முதல் மார்க், ஆனா சீட் இல்லை

வகுப்பில் முதலிடம் பிடித்தவருக்கு பிஎச்.டி. படிக்க உதவித்தொகை தானாகவே தேடி வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஜூலியனுக்கு வரவில்லை. கறுப்பினத்தவரை ஆராய்ச்சிக்குத் தயார் செய்தாலும் பிறகு யார் வேலை கொடுப்பார்கள் என்பதே அன்றைய பல்கலைக்கழகங்களின் கணக்கு. கறுப்பின மாணவர்களுக்கான ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார்.

பிறகு ஹார்வர்டில் இடம் கிடைத்தது. 1923-ல் முதுகலை முடித்தார். ஆனால் வெள்ளையின மாணவர்கள் ஒரு கறுப்பினத்தவரிடம் பாடம் கேட்க மறுப்பார்கள் என்று காரணம் சொல்லி அவருக்குக் கற்பிக்கும் பணி கொடுக்கவில்லை. அந்த வருமானம் இல்லாமல் பிஎச்.டி.யைத் தொடர முடியவில்லை.

1929-ல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவித்தொகை கிடைத்தது. ஆஸ்திரியாவின் வியன்னா பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினார். தாவரங்களில் உள்ள ஆல்கலாய்டுகள் பற்றிய ஆராய்ச்சியில் பெரிய பெயர் பெற்றிருந்த எர்ன்ஸ்ட் ஷ்பேத்திடம் சேர்ந்தார். 1931-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

ஆல்கலாய்டுன்னா என்ன? நைட்ரஜன் அணுவைக் கொண்ட, பெரும்பாலும் செடிகளில் கிடைக்கும் கரிமச் சேர்மங்கள். டீ, காபியில் இருக்கும் கஃபீன், புகையிலையின் நிகோடின், சின்கோனா பட்டையின் குயினைன் எல்லாமே இந்த வகைதான். மிகச் சிறிய அளவிலேயே உடலில் பெரிய மாற்றத்தை உண்டாக்கக் கூடியவை.

விஷக் கொட்டையில் கண் மருந்து

அமெரிக்கா திரும்பிய ஜூலியன், கொஞ்ச காலத்துக்குப் பிறகு தன் பழைய டிபாவ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தார். வியன்னாவில் பழகிய நண்பரும் வேதியியலாளருமான யோசெஃப் பிக்ல் கூடவே வந்தார். இருவரும் கையில் எடுத்த சேர்மம் ஃபைசோஸ்டிக்மின்.

மேற்கு ஆப்பிரிக்காவில் காலபார் கொட்டை என்று ஒன்று உண்டு. குற்றம் சாட்டப்பட்டவரை அதைச் சாப்பிட வைத்து, பிழைத்தால் நிரபராதி, இறந்தால் குற்றவாளி என்று முடிவு செய்யும் வழக்கம் அங்கே இருந்தது. அந்தக் கொட்டையின் விஷம்தான் ஃபைசோஸ்டிக்மின். நரம்புகள் தசைகளுக்குச் செய்தி அனுப்பப் பயன்படும் அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியை இது தடுத்துவிடும். அளவு கூடினால் ஆளையே கொல்லும். அளவோடு கண்ணில் விட்டால் பாப்பா சுருங்கும், கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் குறையும். அதனால் பார்வையைப் பறிக்கும் கிளாக்கோமா நோய்க்கு இது மருந்தானது.

இந்தச் சேர்மத்தை ஆய்வகத்தில் அடியில் இருந்து கட்டியெழுப்ப வேண்டும் என்பதுதான் ஜூலியனின் இலக்கு. ஆனால் ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் ராபின்சன் என்ற பெரிய வேதியியலாளரும் அதே வேலையில் இருந்தார். பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர். வழியில் வரும் எசரெத்தோல் என்ற சேர்மத்தைச் செய்துவிட்டதாக அவருடைய குழு முதலில் வெளியிட்டது.

இங்கதான் ட்விஸ்ட். ஜூலியன் செய்த எசரெத்தோலும் ராபின்சன் சொன்னதும் ஒன்றாக இல்லை. இரண்டில் ஒருவர் தவறு. பெயரே தெரியாத கறுப்பின ஆராய்ச்சியாளர் ஒருபக்கம், உலகப் புகழ் பெற்ற பேராசிரியர் மறுபக்கம். ஜூலியன் பின்வாங்கவில்லை. ராபின்சனின் முடிவு தவறு என்று ஆய்விதழிலேயே எழுதினார்.

யார் சரி என்று தீர்த்து வைத்தது உருகுநிலை என்ற எளிய சோதனை. தூய்மையான ஒரு கரிமச் சேர்மம் குறிப்பிட்ட ஒரு வெப்பநிலையில் உருகும். கிட்டத்தட்ட கைரேகை மாதிரி. கொட்டையில் இருந்து பெற்ற பொருளோடு ஜூலியன் குழு செய்த பொருள் ஒத்துப்போனது. 1935-ல் ஃபைசோஸ்டிக்மினின் முழுத் தொகுப்பு முடிந்தது. ஜூலியன்தான் சரி.

அதே காலபார் கொட்டையில் இன்னொரு பொருளும் அவர் கண்ணில் பட்டது. கொட்டையின் எண்ணெயில் இருந்து வெள்ளைப் படிகங்களாகப் பிரிந்த ஸ்டிக்மாஸ்டிரால். இந்தப் பெயரை மறக்க வேண்டாம். ஐந்து வருஷம் கழித்து மறுபடி வரும்.

பெயின்ட் கம்பெனியில் வேலை

உலகமே கவனித்த சாதனை. ஆனாலும் டிபாவ் பல்கலைக்கழகம் அவரை நிரந்தர ஆசிரியராக ஏற்கவில்லை. டூபான்ட் நிறுவனம் பிக்லுக்கு வேலை கொடுத்தது, ஜூலியனுக்குக் கொடுக்கவில்லை. விஸ்கான்சினில் காகித வேதியியல் ஆய்வு நிலையம் ஒன்று அவரை எடுக்க நினைத்தது. ஆனா கறுப்பினத்தவர் இரவில் தங்கக் கூடாது என்று அந்த ஊரில் விதி இருந்தது. அதுவும் போச்சு.

கடைசியில் 1936-ல் சிகாகோவில் க்ளிட்டன் என்ற பெயின்ட் கம்பெனி கூப்பிட்டது. சோயா பொருட்கள் பிரிவுக்கு ஆராய்ச்சி இயக்குநர் பதவி. ஒரு பெரிய தொழில் நிறுவனத்தின் ஆய்வகத்துக்குக் கறுப்பினத்தவர் தலைமை ஏற்பது அன்றைக்கு மிக அரிது.

பெயின்ட் கம்பெனிக்கு சோயா எதற்கு? சோயா பீன்ஸில் முக்கியமாக இரண்டு விஷயங்கள் உண்டு: எண்ணெய், புரதம். எண்ணெயை எடுத்த பிறகு மிஞ்சும் மாவில்தான் நாம் பிரியாணியில் போடும் மீல் மேக்கர் செய்கிறார்கள். ஜூலியன் அந்த மாவில் இருந்து புரதத்தைத் தனியாகப் பிரித்தெடுக்கும் தொழிற்சாலை முறையை உருவாக்கினார். காகிதத்துக்குப் பளபளப்புப் பூச்சு கொடுக்கவும், தண்ணீரில் கலக்கும் பெயின்ட்டுக்கும் அது பயன்பட்டது. அதுவரை இதற்கெல்லாம் பாலில் இருந்து எடுக்கும் கேசின்தான் வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் இதே சோயா புரதத்தை வைத்து வேறொரு நிறுவனம் தீயணைப்பு நுரை தயாரித்தது. பெட்ரோல், எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. எண்ணெய் தண்ணீரின் மேல் மிதந்து எரிந்துகொண்டே இருக்கும். நுரையோ எரியும் பரப்பின் மேல் போர்வை போலப் படிந்து காற்றைத் தடுத்துவிடும். கப்பல்களில் பல வீரர்களின் உயிரைக் காப்பாற்றிய அந்த நுரைக்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் பீன் சூப்.

டேங்க்கில் தண்ணீர் புகுந்த நாள்

1940-ல் தொழிற்சாலையில் இருந்து ஒரு பிரச்சினை வந்தது. சுத்திகரித்த சோயா எண்ணெய் வைத்திருந்த பெரிய டேங்க்குக்குள் தண்ணீர் கசிந்துவிட்டது. அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. எண்ணெய் கெட்டுப்போச்சு என்பதுதான் மற்றவர்களின் கவலை.

ஜூலியன் அதைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். காலபார் கொட்டையில் அவர் பார்த்த அதே ஸ்டிக்மாஸ்டிரால் உள்ள ஸ்டிரால் கலவை. எண்ணெயில் கரைந்து மறைந்திருக்கும் இந்தப் பொருட்கள், தண்ணீர் சேர்ந்ததும் தனியாகப் பிரிந்து வெளியே வந்திருந்தன. சோயா எண்ணெயில் ஸ்டிக்மாஸ்டிரால் இருப்பது முன்பே தெரிந்த விஷயம். அதைத் தொழிற்சாலை அளவில் பிரிப்பதற்கான வழிதான் கிடைக்காமல் இருந்தது.

சரி, இதில் என்ன அவ்வளவு பெரிய விஷயம்? கொஞ்சம் கெமிஸ்ட்ரி பார்க்கலாம்.

ஸ்டீராய்டு என்றதும் ஜிம் ஊசிதான் பலருக்கு ஞாபகம் வரும். உண்மையில் அது ஒரு பெரிய சேர்மக் குடும்பத்தின் பெயர். 17 கார்பன் அணுக்கள் சேர்ந்து நான்கு வளையங்களாக ஒட்டியிருக்கும். மூன்று அறுகோணம், ஒரு ஐங்கோணம். இந்தச் சட்டகம்தான் அடையாளம். கொலஸ்ட்ரால், டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன், கார்டிசோன் எல்லாவற்றுக்கும் இதே சட்டகம். ஓரத்தில் ஒட்டியிருக்கும் அணுக்கள் மாறும்போது வேலையும் மாறிவிடும்.

அந்த நான்கு வளையங்களை ஆய்வகத்தில் ஒவ்வொன்றாகக் கட்டுவது மிகக் கடினம். ஸ்டிக்மாஸ்டிராலில் அந்தச் சட்டகத்தை செடியே கட்டி வைத்திருக்கிறது. கூடவே நீளமான ஒரு வால். அந்த வாலில் சரியான இடத்தில் ஒரு இரட்டைப் பிணைப்பு. கிழிப்பதற்கு வசதியாகப் புள்ளி குத்தி வைத்த டிக்கெட் மாதிரி, அந்த இடத்தில் வாலை வெட்டலாம். பிறகு சில மாற்றங்கள் செய்தால் புரோஜெஸ்டிரோன் கிடைக்கும்.

புரோஜெஸ்டிரோன் கர்ப்பத்தைத் தாங்கி நிற்கும் ஹார்மோன். கருச்சிதைவைத் தடுக்க அன்றைய மருத்துவர்கள் இதைத்தான் நம்பினார்கள். ஆனால் 1934-ல் ஜெர்மனியில் முதன்முதலாக இதைப் பிரித்தெடுத்தபோது, ஆயிரக்கணக்கான பன்றிகளின் கருப்பைக்கு அருகில் உள்ள சூலகங்களில் இருந்து கிடைத்தது வெறும் சில மில்லிகிராம். ஸ்டிக்மாஸ்டிராலை புரோஜெஸ்டிரோனாக மாற்றலாம் என்பதையும் ஜெர்மானிய வேதியியலாளர்களே காட்டியிருந்தார்கள். அதை ஒரு தொழிற்சாலை வேலையாக மாற்றிக் காட்டியது ஜூலியன். எண்ணெயைச் சுண்ணாம்பு சேர்த்து நுரைத்த திடப்பொருளாக்கி, அதில் இருந்து ஸ்டிராலைக் கழுவி எடுக்கும் முறையை உருவாக்கினார். பெயின்ட் கம்பெனி ஹார்மோன் விற்க ஆரம்பித்தது.

ஒரே ஒரு ஆக்சிஜன்

1948-ல் அமெரிக்காவின் மேயோ க்ளினிக்கில் முடக்குவாதத்தால் நடக்கவே முடியாமல் இருந்த ஒரு பெண்ணுக்கு கார்டிசோன் ஊசி போட்டார்கள். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1949-ல் இது வெளியே தெரிந்ததும் உலகம் முழுக்கப் பரபரப்பு. நோயாளிகள் கோடிக்கணக்கில், மருந்தோ கைப்பிடி அளவு. மாட்டின் பித்தநீரில் இருந்து 30-க்கும் மேற்பட்ட படிகளில் அதைத் தயாரித்தார்கள். நாம் ஆரம்பத்தில் பார்த்த 200 டாலர் விலைக்குக் காரணம் இதுதான்.

கார்டிசோனில் தலைவலி பிடித்த இடம் 11-வது கார்பன். அங்கே ஒரு ஆக்சிஜன் அணு இருக்க வேண்டும். அந்த இடத்தில் ஆக்சிஜனை ஒட்டுவது வேதியியலாளர்களுக்குப் பெரிய சவால். 1949-ல் ஜூலியன், அந்த ஒரு ஆக்சிஜன் மட்டும் இல்லாத, மற்றபடி கார்டிசோனுக்கு மிக நெருக்கமான எஸ் சேர்மத்தைச் செய்வதற்குச் சுலபமான வழி ஒன்றை அறிவித்தார்.

மீதி வேலையை முடித்தது பூஞ்சை. 1952-ல் அப்ஜான் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள், பழைய ரொட்டியில் வளரும் பூஞ்சையின் வகை ஒன்று 11-வது கார்பனில் ஆக்சிஜனை ஒட்டிவிடும் என்று கண்டுபிடித்தார்கள். அவர்கள் பூஞ்சைக்குக் கொடுத்தது புரோஜெஸ்டிரோன். எஸ் சேர்மத்தைப் பூஞ்சையிடம் கொடுத்தால் அது ஹைட்ரோகார்டிசோனாக மாறும் வழியும் திறந்தது. மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கில் இருந்து ஸ்டீராய்டு எடுக்கும் முறையும் இதோடு சேர, விலை சரசரவென இறங்கியது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஜூலியன்தான் கார்டிசோனைக் கண்டுபிடித்தார் என்று சமூக வலைதளங்களில் அடிக்கடி போஸ்டர்கள் வரும். அது சரியில்லை. கார்டிசோனுக்கான நோபல் பரிசு 1950-ல் கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் மூவருக்குப் போனது. கிழங்கு வழியைத் திறந்தவர் ரஸல் மார்க்கர். பலர் சேர்ந்து போட்ட பாதை இது. அதில் சோயா பக்கத்துச் சாலை ஜூலியனுடையது. இல்லாத பெருமையை ஏற்றிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு அவர் செய்தது இருக்கிறது.

வீட்டு வாசலில் டைனமைட்

1950-ல் சிகாகோவின் ஒரு நாளிதழ் அவரை அந்த ஆண்டின் சிறந்த சிகாகோவாசியாகத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு அவரும், சமூகவியலில் டாக்டர் பட்டம் பெற்ற மனைவி அன்னாவும் ஓக் பார்க் என்ற வெள்ளையினத்தவர் வாழும் பகுதியில் வீடு வாங்கினார்கள்.

குடியேறும் முன்பே, நவம்பர் மாதம் நன்றி நவிலும் நாளில், அந்த வீட்டுக்குத் தீ வைக்க முயற்சி நடந்தது. குடும்பம் பின்வாங்காமல் குடியேறியது. 1951 ஜூனில் வீட்டை நோக்கி டைனமைட் வீசப்பட்டது. பிள்ளைகள் இருவரும் சின்ன வயது. அப்பாவோடு வாசல் மரத்தில் உட்கார்ந்து, துப்பாக்கியோடு வீட்டுக்குக் காவல் இருந்ததை மகன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

எஸ் சேர்மத்தின் வழியை அறிவித்த இரண்டு ஆண்டுகளுக்குள் நடந்தவை இவை. பகலில் ஆய்வகம், இரவில் காவல். அதே ஆண்டு ஜூலையில் சிகாகோவின் ஒரு கிளப்பில் விஞ்ஞானிகளுக்கு நடந்த விருந்துக்கு அழைக்கப்பட்ட அவருக்கு, உள்ளே அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஆனா ஊர் முழுக்க ஒரே மாதிரி இல்லை. ஓக் பார்க் மக்களில் பலர் அந்தக் குடும்பத்துக்கு ஆதரவாக ஒன்றுதிரண்டார்கள். ஜூலியன் கடைசி வரை அந்த ஊரிலேயே வாழ்ந்தார்.

சொந்தக் கம்பெனி

க்ளிட்டன் ஸ்டீராய்டு தொழிலை விட்டு விலக முடிவெடுத்தபோது, 1953-ல் ஜூலியன் அங்கிருந்து வெளியேறி ஜூலியன் லேபரட்டரீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அதில் கறுப்பின வேதியியலாளர்கள் பலரை வேலைக்கு எடுத்தார். தனக்குத் திறக்காத கதவை மற்றவர்களுக்குத் திறந்து வைத்தார் என்று சொல்லலாம். மெக்சிகோ கிழங்கில் இருந்து மூலப்பொருள் எடுக்க அங்கேயும் ஒரு கிளை போட்டார். 1961-ல் நிறுவனத்தை ஸ்மித் க்ளைன் ஃப்ரெஞ்ச் மருந்து கம்பெனிக்கு 23 லட்சம் டாலருக்கு விற்றார்.

100-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் வந்தன. 1973-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாடமி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பின வேதியியலாளர் அவர்தான். அப்போது வயது 74. ஃபைசோஸ்டிக்மின் முடிந்து 38 ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1975 ஏப்ரல் 19-ல், புற்றுநோயால் இறந்தார்.

இன்று எங்கே இருக்கிறார்?

நிரந்தர வேலை தர மறுத்த டிபாவ் பல்கலைக்கழகத்தில் அறிவியல் கட்டடத்துக்கு இப்போது அவர் பெயர். 1993-ல் அமெரிக்க அரசு அவர் படத்தோடு தபால்தலை வெளியிட்டது. 1999-ல் அமெரிக்க வேதியியல் சங்கம் ஃபைசோஸ்டிக்மின் தொகுப்பை தேசிய வரலாற்றுச் சிறப்புமிக்க வேதியியல் நிகழ்வாக அறிவித்தது.

சோயா எண்ணெயில் இருந்து கிடைக்கும் ஸ்டிரால்கள் இன்றும் ஸ்டீராய்டு மருந்துகளுக்கு மூலப்பொருள். இப்போது வாலை வெட்டும் வேலையைப் பெரும்பாலும் நுண்ணுயிரிகள் செய்கின்றன. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: விலை குறைந்துவிட்டது என்பதற்காக ஸ்டீராய்டு க்ரீமை டாக்டர் சொல்லாமல் முகத்தில் பூசக் கூடாது. தோல் மெலிந்துபோகும். சக்தி வாய்ந்த மூலக்கூறு என்பதால்தான் அது மருந்து.

ஜூலியனின் வீட்டுக்குத் தீ வைக்கப் பார்த்த ஓக் பார்க்கில் இன்று ஒரு நடுநிலைப் பள்ளி இருக்கிறது. அதன் பெயர் பெர்சி ஜூலியன் பள்ளி. எட்டாம் வகுப்புக்கு மேல் தன் ஊரில் பள்ளியே இல்லாத பையனின் பெயர், இன்று ஒரு பள்ளியின் வாசலில் இருக்கிறது.